ஏறுகிற பத்திரத்தோடு மல்லுக்கட்டும் முன்

மார்கழி, தையில் பனி இறங்கியதும் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை வரத்து சுருங்கும். கிலோ விலை ஆயிரங்களுக்குத் தாவும். அப்போது ஒரு வியாபாரி, கையில் ஒரு கூடைப் பூகூட இல்லாமல், "தை முகூர்த்தத்துக்கு இருபது கிலோ, இன்றைய விலைக்கே தருகிறேன்" என்று சொல்லிப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறார் என்று வையுங்கள். விலை இறங்கினால் அவருக்கு நல்ல லாபம். ஏறினால் கல்யாண வீட்டுக்காரரிடம் தவணை கேட்க முடியாது. என்ன விலையானாலும் வாங்கிக் கொடுத்தே ஆக வேண்டும். அரசுக் கடன் பத்திரத்தை ஷார்ட் அடிப்பதும் இதுதான். கையில் இல்லாத பத்திரத்தை இன்றைய விலைக்கு விற்றுவிட்டு, பிறகு மலிவாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று காத்திருப்பது.

பத்திரத்தின் விலையும் சந்தை வட்டியும் எதிரெதிராகப் போகும். வட்டி இறங்கினால், கூடுதல் வட்டி தரும் பழைய பத்திரத்துக்குக் கிராக்கி வந்து விலை ஏறும். ஆகவே ஷார்ட் அடிப்பவர் சொல்வதெல்லாம் "வட்டி ஏறும்" என்பதைத்தான். நம் பக்கம் இந்தப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. "வட்டி இதுக்கு மேல எங்க அண்ணாச்சி எறங்கப் போவுது? இனி ஏறத்தான் செய்யும்" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால் தலையாட்ட நாலு பேர் இருப்பார்கள். சொல்வதற்குக் காசு செலவில்லை. அதை நம்பிப் பணம் கட்டும்போதுதான் வினை தொடங்குகிறது.

2008 ஜூலையை நினைத்துப் பாருங்கள். கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது, பணவீக்கம் இரட்டை இலக்கத்தில் ஓடியது, ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டியை 9 சதவீதத்துக்கு ஏற்றியது. பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் ஈல்டு, அதாவது அன்றைய விலைக்கு வாங்கினால் கிடைக்கும் வருட வருவாய் விகிதம், 9 சதவீதத்தைத் தாண்டி நின்றது. வட்டி இன்னும் ஏறும் என்று சொல்ல அன்று ஜோதிடம் தேவைப்படவில்லை. செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி விழுந்தது. டிசம்பர் முடிவில் அதே ஈல்டு 5½ சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2009 ஏப்ரலில் ரெப்போ 4.75. வருடம் 8 சதவீத வட்டி (கூப்பன்) தரும் பத்தாண்டுப் பத்திரம் 9 சதவீத ஈல்டில் 93½ ரூபாய் பெறும். 5½ சதவீத ஈல்டில் 119 ரூபாய். ஷார்ட் அடித்தவருக்கு 100 ரூபாய் முகமதிப்புக்கு 25½ ரூபாய் நஷ்டம், அதுவும் ஆறே மாதத்துக்குள். உலகத்திலேயே பத்திரமான முதலீடு என்று பெயர் வாங்கிய சரக்கில் நடந்த கூத்து இது.

செய்ய வேண்டியவை

உங்களுக்கு எதற்கு அனுமதி உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2021 நவம்பர் 12இல் தொடங்கிய ரீட்டெயில் டைரக்ட் கணக்கு இருந்தால், சங்கரன்கோவிலில் உட்கார்ந்தபடியே யாரும் அரசுப் பத்திரம் வாங்கலாம், வைத்திருப்பதை விற்கலாம். இல்லாததை விற்க முடியாது. பத்திரத்தையே ஷார்ட் அடிக்கும் உரிமை வங்கிகள், அரசுப் பத்திர ஏலத்தில் பங்கெடுக்கக் கடமைப்பட்ட பிரைமரி டீலர்கள் போன்ற நிறுவனங்களுக்கு உரியது; அவர்களும் மூன்று மாதத்துக்குள் வாங்கிக் கணக்கை நேர்செய்துவிட வேண்டும். தனிமனிதருக்குத் திறந்திருக்கும் கதவு, எக்ஸ்சேஞ்சில் நடக்கும் வட்டி விகித ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி முடிக்கும் ஒப்பந்தம். 2003இல் ஒருமுறையும் 2009இல் மறுமுறையும் தொடங்கி எடுபடாமல் போன இதை, பணமாகவே கணக்குத் தீர்க்கும் வடிவில் 2014 ஜனவரியில் மீண்டும் கொண்டுவந்தார்கள். ஒரு லாட் 2 லட்சம் ரூபாய் முகமதிப்பு. பத்திர விலை 1 ரூபாய் நகர்ந்தால் லாட்டுக்கு 2,000 ரூபாய் வரவோ செலவோ. ஈடாகக் கட்டும் மார்ஜின் தொகை சில ஆயிரம்தான் என்பதால் இரண்டு, மூன்று ரூபாய் ஏற்றத்திலேயே கட்டியது கரைந்துவிடும். நிஃப்டி ஆப்ஷன் பக்கம் இருக்கும் கூட்டத்தோடு பார்த்தால் இங்கே ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. நீங்கள் ஓடிப்போக நினைக்கும் நிமிடத்தில் எதிர்ப்பக்கம் ஓர் ஆள் நிற்க வேண்டும். அவர் நிற்பார் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஏற்கெனவே ஷார்ட்டில் நிற்கிறீர்களா என்று பாருங்கள். கேலியாகக் கேட்கவில்லை. விசைத்தறி வாங்க ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் நிலையான வட்டிக்கு ஐந்தாண்டுக் கடன் எடுத்தவர், தெரியாமலே இந்தப் பந்தயத்தில் ஒரு பக்கம் நிற்கிறார். ஊரில் வட்டி ஏறினால் பழைய வட்டியிலேயே கட்டும் அவர் கெட்டிக்காரர். இறங்கினால் பக்கத்துத் தறிக்காரர் குறைந்த வட்டியில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு இவர் பழைய தவணையையே கட்டுவார். இப்படிப்பட்டவர் ஃபியூச்சர்ஸிலும் ஷார்ட் அடித்தால், ஒரே பந்தயத்துக்கு இரண்டு இடத்தில் பணம் கட்டியதாக அர்த்தம்.

மிதக்கும் வட்டிக் கடன் வைத்திருப்பவர் கதை வேறு. 2019 அக்டோபர் 1 முதல் குறு, சிறு தொழில்களுக்கு வங்கிகள் கொடுக்கும் புதிய மிதக்கும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்படுகின்றன. இவருக்கு வட்டி ஏறுவதுதான் பயம். கடன் தொகைக்கு மிகாமல் ஷார்ட் வைத்தால், ஏறும் தவணையின் ஒரு பகுதியை அது ஈடுகட்டும். தனிமனிதர் ஷார்ட் அடிப்பதில் எனக்கு நியாயம் தெரிவது இந்த ஓரிடத்தில்தான். அதுவும் அரைகுறை நியாயம். ரெப்போவும் பத்தாண்டு ஈல்டும் கைகோத்தே நடக்கும் என்று சட்டமில்லை. 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போவை அரை சதவீதம் குறைத்து 5.50 ஆக்கியது, ஆனால் அதற்குப் பின் வந்த மாதங்களில் பத்தாண்டு ஈல்டு ஏறியது.

ஏறினால் எவ்வளவு, இறங்கினால் எவ்வளவு என்று இரண்டையும் எழுதிப் பாருங்கள். 7 சதவீதக் கூப்பன், பத்தாண்டு, இன்றைய ஈல்டும் 7. விலை சரியாக 100 ரூபாய். ஈல்டு 8 ஆனால் விலை 93.20, ஷார்ட் அடித்தவருக்கு 6.80 லாபம். ஈல்டு 6 ஆனால் விலை 107.44, நஷ்டம் 7.44. இரண்டு சதவீதம் நகர்ந்தால் இடைவெளி இன்னும் விரியும்: லாபம் 13, நஷ்டம் 15.60. முப்பதாண்டுப் பத்திரமானால் ஒரே ஒரு சதவீத நகர்வுக்கே லாபம் 11.30, நஷ்டம் 13.85. ஒரே தூரம் நகர்ந்தாலும் லாபக் கால் குட்டை, நஷ்டக் கால் நெட்டை. பத்திரம் வாங்கி வைத்திருப்பவருக்கு இந்தக் கோணல் சாதகம். ஷார்ட்காரருக்குப் பிறவியிலேயே பாதகம். இதைக் கணிதம் என்று ஒதுக்காதீர்கள். செல்போன் கால்குலேட்டரே போதும்.

காத்திருக்கும் செலவைக் கணக்கில் சேருங்கள். பங்கை ஷார்ட் அடிப்பவருக்கும் பத்திரத்தை ஷார்ட் அடிப்பவருக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். பத்திரம் தினமும் வட்டி சம்பாதிக்கும் சரக்கு. அதைக் கடன் வாங்கி விற்றவர், அந்த வட்டியை உடையவருக்குத் தந்தாக வேண்டும். விற்ற பணத்தை, பத்திரத்தை ஈடாக வைத்துக் கடன் புழங்கும் ரெப்போ சந்தையில் ஒருநாள் கடனாகக் கொடுத்து கொஞ்சம் திரும்ப எடுப்பார். ஈல்டு 6½, ரெப்போ 5½ என்றால் வருடத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் கையைவிட்டுப் போகும். ஃபியூச்சர்ஸில் இந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாது. ஃபியூச்சர்ஸ் விலையே பத்திரத்தின் விலையைவிடச் சற்றுக் குறைவாக நிற்கும். அந்தக் குறைந்த விலைக்குத்தான் நீங்கள் விற்கிறீர்கள். மாதம் முடிந்து அடுத்த மாதத்துக்கு மாற்றும்போது மறுபடியும் அதே கதை.

வட்டி இம்மிகூட அசையாமல் நின்றாலும் ஷார்ட்காரர் தோற்கிறார் என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது. அவர் ஜெயிக்க, வட்டி ஏறினால் போதாது. செலவை மீறும் வேகத்தில் ஏற வேண்டும்.

வங்கிகளுக்கு இன்னொரு தலைவலி உண்டு. எல்லோரும் ஒரே பத்திரத்தை ஷார்ட் அடித்துவிட்டு அதையே கடன் கேட்டால், பத்திரத்துக்குத் தட்டுப்பாடு வரும். அப்போது அதைக் கடனாக வாங்கக் கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் வட்டி பூஜ்யத்தை நெருங்கும். செலவு நூற்றுக்கு ஒன்று என்பது ஆறு, ஏழு என்று வீங்கிவிடும். பத்திரத்தின் விலை ஒரு பைசா ஏறாமலே ஷார்ட்காரரை மூச்சுத் திணற வைக்கும் வழி இது.

எதிரே நிற்பவர் யார் என்று பாருங்கள். மிளகாய் வத்தல் விலை இறங்கும் என்று நீங்கள் பந்தயம் கட்டினால் எதிரே இன்னொரு வியாபாரி இருப்பார். அரசுப் பத்திரத்தில் எதிரே ரிசர்வ் வங்கி வந்து நிற்கலாம். அதனிடம் பணம் தீர்ந்துபோகாது.

2020 அக்டோபரில் அன்றைய கவர்னர் சக்திகாந்த தாஸ், பத்திரச் சந்தையின் ஈல்டு ஒழுங்காக நகர்வது ஒரு பொதுச்சொத்து, அதில் சந்தைக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு என்ற கருத்தில் பேசினார். நாசூக்கான பேச்சு; ஆனால் ஈல்டை ஏறவிட மாட்டோம் என்று அதில் ஒளிந்திருந்த செய்தி எல்லோருக்கும் கேட்டது. பத்தாண்டு ஈல்டு 6 சதவீதத்தைச் சுற்றியே வைக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 1 பட்ஜெட்டில், வரும் ஆண்டில் மத்திய அரசு சுமார் 12 லட்சம் கோடி ரூபாய் கடன் வாங்கும் என்று அறிவிப்பு வந்தது. இவ்வளவு பத்திரம் சந்தைக்கு வந்தால் விலை விழாதா? பள்ளிப் பாடக் கணக்குப்படி விழத்தான் வேண்டும். மார்ச்சில் ஈல்டு 6.2 சதவீதத்தைத் தாண்டியது, ஷார்ட்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். ரிசர்வ் வங்கி விடவில்லை. ஏலத்தில் கேட்ட விலை தனக்குப் பிடிக்காதபோது பத்திரங்களைப் பிரைமரி டீலர்களின் தலையில் இறக்கியது. ஏப்ரல் 7 அன்று ஜி-சாப் என்ற திட்டத்தை அறிவித்து, அந்தக் காலாண்டில் மட்டும் 1 லட்சம் கோடி ரூபாய்க்குத் தானே பத்திரம் வாங்கப்போவதாகச் சொன்னது. அடுத்த காலாண்டுக்கு 1.2 லட்சம் கோடி. ஷார்ட் அடித்தவர்கள் விற்ற விலையைவிட ஏறிய விலைக்கு வாங்கிக் கணக்கு முடித்தார்கள்.

அவர்கள் நினைத்தது தப்பா? இல்லையே. 2021 அக்டோபரில் ஜி-சாப் நின்றது. 2022 மே 4 அன்று, வழக்கமான கூட்டத் தேதிக்குக் காத்திராமல், ரெப்போ 0.40 சதவீதம் ஏறி 4.40 ஆனது. ஜூனில் பத்தாண்டு ஈல்டு 7½ சதவீதத்தைத் தொட்டது. 2021 பிப்ரவரியில் அவர்கள் சொன்னதெல்லாம் பதினைந்து மாதம் கழித்து வரிக்கு வரி நடந்தது. அதற்குள் பலரிடம் ஷார்ட்டே மிச்சமில்லை. திசையைச் சரியாகச் சொன்னவர்கள் கடிகாரத்தில் தோற்ற கதை இது. ஷார்ட் அடிக்க நினைக்கும் யாரும் லேமன் கதையைவிட இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்; லேமன் எப்போதோ ஒருமுறை விழும், ரிசர்வ் வங்கி தினமும் அலுவலகம் திறக்கும்.

நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழு முடிவு வரும் நாள், பிப்ரவரி 1 பட்ஜெட், மாதந்தோறும் வரும் சில்லறைப் பணவீக்கப் புள்ளிவிவரம், மார்ச், செப்டம்பர் கடைசியில் வெளியாகும் அரசின் கடன் அட்டவணை. இந்த நாட்களில் திறந்த ஷார்ட்டோடு தூங்கப் போவதானால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

நுழையும் முன்பே வெளியேறும் விலையை எழுதிவையுங்கள். எழுதுவது என்றால் காகிதத்தில். மனசில் எழுதிய விலை, சந்தை ஏறும்போது தானும் ஏறிக்கொள்ளும்.

செய்யக்கூடாதவை

"விலை இதற்கு மேல் எங்கே போகும்" என்ற ஒரே காரணத்துக்காக இறங்காதீர்கள். ஜப்பான் அரசுப் பத்திரத்தில் இந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லி இருபது வருடம் பணம் தொலைத்திருக்கிறார்கள். 2002 மே மாதம் மூடிஸ் நிறுவனம் ஜப்பானின் கடன் தரத்தைக் குறைத்தது. ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவைவிடக் கீழே போய்விட்டது ஜப்பான் என்று உலகமே பேசியது. பத்தாண்டு ஈல்டு அப்போதே ஒன்றரை சதவீதத்துக்குக் கீழே. இனி இறங்க இடமேது? 2003 ஜூனில் அது அரை சதவீதத்துக்கும் கீழே போனது. நாட்டின் மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கடன் குவிந்தபோதும் ஈல்டு இறங்கிக்கொண்டே போய், 2016 பிப்ரவரியில் பூஜ்யத்தையும் தாண்டிக் கீழே விழுந்தது. அரசுக்குக் கடன் கொடுத்துவிட்டு, கொடுத்தவரே வட்டியும் கட்டினார். அமெரிக்க ஹெட்ஜ் ஃபண்டுக்காரர்களுக்கு இந்தப் பந்தயம் ஒரு இடுகாடு. கடைசியில் 2024 மார்ச் 19 அன்று ஜப்பான் மத்திய வங்கி எதிர்மறை வட்டியை முடித்துவைத்தது. ஈல்டும் ஏறியது. 2002இல் ஷார்ட் அடித்தவரின் மகன் வேண்டுமானால் லாபம் பார்த்திருக்கலாம்.

கெட்ட செய்தி வந்தால் பத்திரம் விழும் என்று நம்பாதீர்கள். பங்குச் சந்தையில் பழகியவர்களுக்கு இது கைவந்த பழக்கம், இங்கே தலைகீழ். பயம் வந்தால் பணம் ஓடி ஒளியும் இடமே அரசுப் பத்திரம்தான். பிம்கோ நிறுவனத்தின் பில் கிராஸ் அன்று உலகின் மிகப்பெரிய பத்திர ஃபண்டை நடத்தியவர். 2011 தொடக்கத்தில் அமெரிக்க அரசுப் பத்திரங்களை ஃபண்டிலிருந்து மொத்தமாக வெளியேற்றினார். அடுத்து அவற்றுக்கு எதிராகவும் நின்றார். ஆகஸ்ட் 5 அன்று எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தையே குறைத்தது. அவர் எதிர்பார்த்த மாதிரிக் கெட்ட செய்தி, அதைவிடப் பெரிதாக வேறென்ன வேண்டும்? பயந்த பணம், தரம் குறைந்த அதே பத்திரத்துக்குள் பாய்ந்தது. மார்ச்சில் மூன்றரைக்குப் பக்கத்தில் இருந்த பத்தாண்டு ஈல்டு செப்டம்பரில் 2 சதவீதத்துக்கும் கீழே. அக்டோபரில் முதலீட்டாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அவருக்கே இந்தக் கதி.

நம் ஊர்க் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானது. சங்கரன்கோவிலிலும் மற்ற ஊர்களைப் போலவே தறிக்காரரும் பூ வியாபாரியும் பென்ஷன்காரரும் வங்கி வாசலில் வரிசை கட்டினார்கள். தொழில் படுத்தது. ஆனால் அந்த வரிசையில் நின்று கட்டிய பணம் எங்கே போனது? வங்கிகளில் திடீரென்று குவிந்த டெபாசிட்டுக்குக் கடன் கேட்டு வர ஆளில்லை. வங்கிகள் அரசுப் பத்திரத்தை வாங்கித் தள்ளின. 6.8 சதவீதத்தை ஒட்டி இருந்த பத்தாண்டு ஈல்டு அந்த மாதக் கடைசி வாரத்துக்குள் 6.2ஐ ஒட்டி இறங்கியது. நவம்பர் 8 மாலை ஷார்ட்டில் இருந்தவர் எந்தப் புள்ளிவிவரத்தைப் படித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. மூன்றே மாதம் கழித்து, 2017 பிப்ரவரி 8 அன்று, இனி வட்டியைக் குறைக்கும் மனநிலையில் இல்லை என்று ரிசர்வ் வங்கி சைகை காட்டியதும் ஒரே நாளில் ஈல்டு 0.30 சதவீதம் போல எகிறியது. நவம்பரில் அடிபட்டு ஓடியவர்கள் அன்று வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நஷ்டத்தில் லாட் சேர்க்காதீர்கள். "விலை இன்னும் ஏறிவிட்டது, இன்னும் நல்ல விலைக்கு ஷார்ட் அடிக்கலாம்" என்பது வாதம் மாதிரி ஒலிக்கும். வாங்கிய பங்கு இறங்கும்போது சேர்ப்பவருக்கு ஒரு தரை உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஷார்ட்டுக்குத் தரை மேலே இருக்கிறது, எங்கே என்று தெரியாது. அதுவும் ஏற்றம் ஒரே மூச்சில் வருவதில்லை. 2025 பிப்ரவரியில் ரெப்போ கால் சதவீதம் குறைந்தது, ஏப்ரலில் இன்னொரு கால், ஜூனில் அரை. அந்த மாதங்களில் ரிசர்வ் வங்கி லட்சக்கணக்கான கோடிக்குப் பத்திரம் வாங்கி வழியும் சரிசெய்தது. பிப்ரவரியில் ஷார்ட் அடித்து ஏப்ரலில் சேர்த்து மே மாதம் கைவிட்டவர், ஈல்டு திரும்பிய ஜூனுக்கு மிக அருகில் வந்து தோற்றவர்.

கூட்டம் நிற்கும் பக்கம் போய் நிற்காதீர்கள். 2023 மார்ச் 8 அன்று அமெரிக்க இரண்டாண்டுப் பத்திர ஈல்டு 5 சதவீதத்துக்கு மேல். வட்டி இன்னும் ஏறும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பெரிய பெரிய ஃபண்டுகள் ஒரே பக்கம். 10ஆம் தேதி சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. 13ஆம் தேதி ஈல்டு 4 சதவீதத்தை ஒட்டி விழுந்தது. 1987க்குப் பிறகு ஒரே நாளில் அப்படி ஒரு சரிவு இல்லை. அத்தனை பேரும் ஒரே வாசல் வழியாக வெளியே ஓடினார்கள். ஷார்ட்டிலிருந்து ஓடுவது என்றால் வாங்குவது. ஓடியவர்களே விலையை ஏற்றினார்கள்.

ஜெயித்தவர் கதையை மட்டும் கேட்காதீர்கள். ஷார்ட் அடித்து ஜெயித்த தருணங்கள் இல்லாமல் இல்லை. 2013இல் அமெரிக்க மத்திய வங்கி, பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று கொஞ்சம் இருமியதும் ரூபாய் சரிந்து, நம் பத்தாண்டு ஈல்டு மே மாதத்தில் 7.1ஐ ஒட்டி இருந்தது ஆகஸ்டில் 9ஐத் தாண்டியது. 2023 ஆகஸ்டில் அமெரிக்க ஹெட்ஜ் ஃபண்டுக்காரர் பில் அக்மன், முப்பதாண்டு அமெரிக்கப் பத்திரத்தை ஷார்ட் அடித்திருப்பதாகச் சொல்லி, அக்டோபர் 23 அன்று மூடிவிட்டதாக அறிவித்தார். இரண்டிலும் பொதுவானது, காத்திருந்த காலம் மாதங்கள்தான், வருடங்கள் அல்ல. வீடியோ போடுகிறவர் இதைச் சொல்வதில்லை. பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் 2021-22 முதல் 2023-24 வரை விளையாடிய தனிமனிதர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் கணக்குக் காட்டியது. பத்திர ஃபியூச்சர்ஸ் அதைவிடச் சாதுவான பிராணி என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

வெளிநாட்டு ஆப்களில் அமெரிக்கப் பத்திரத்தை ஷார்ட் அடிக்காதீர்கள். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் மார்ஜின் கட்ட இங்கிருந்து பணம் அனுப்ப அனுமதி இல்லை. அனுமதியற்ற அந்நியச் செலாவணித் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் ஒரு தளத்தின் பெயர் இல்லை என்பதால் அது யோக்கியமானது என்று ஆகிவிடாது.

நகையை வைத்து மார்ஜின் கட்டாதீர்கள். விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

வட்டி ஏறும் என்று நம்பினால் ஷார்ட் ஒன்றே வழி என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வட்டி ஏறும் என்ற கருத்தைச் செலவில்லாமல் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது: நீண்ட காலப் பத்திரம் வாங்காமல் இருப்பது. அரசுப் பத்திரங்களில் முதலிடும் நீண்ட கால கில்ட் ஃபண்டில் இருப்பதைக் குறுகிய காலத்துக்கு மாற்றுவது. ரீட்டெயில் டைரக்ட் வழியாக 91, 182, 364 நாள் கருவூல பில்களை 10,000 ரூபாய் முதல் வாங்கலாம். புதன்கிழமைதோறும் ஏலம் நடக்கிறது. வட்டி ஏறினால் முதிர்ந்த பணத்தைக் கூடுதல் வட்டிக்குப் போடுவீர்கள். ஏறாமல் இறங்கினால் கொஞ்சம் வருமானம் குறையும். மார்ஜின் கேட்டு யாரும் போன் செய்ய மாட்டார்கள். இலங்கையில் 2022 இறுதியில் 30 சதவீதத்தைத் தாண்டியிருந்த 91 நாள் பில் வட்டி 2023 முடிவில் அதில் பாதிக்கும் கீழே வந்தது. வட்டி அப்படியே நிற்கும் என்று எண்ணிக் குறுகிய பில்லிலேயே சுற்றிக்கொண்டிருந்தவர்கள் நீண்ட காலப் பத்திரத்தின் ஏற்றத்தைத் தவறவிட்டார்கள். ஆனால் அசலைத் தொலைக்கவில்லை. தவறான கணிப்புக்கு அது மலிவான தண்டனை.

இன்னும் நேரான வழி, அரசின் மிதக்கும் வட்டி சேமிப்புப் பத்திரம் 2020. வட்டி, தேசிய சேமிப்புப் பத்திரத்தின் வட்டியைவிட 0.35 சதவீதம் கூடுதல். ஜனவரி 1, ஜூலை 1 என ஆண்டுக்கு இருமுறை புதிதாக நிர்ணயிக்கிறார்கள். 2025இல் அது 8.05 சதவீதம். 1,000 ரூபாய் முதல் ஸ்டேட் வங்கி உள்ளிட்ட அரசு வங்கிகளில் கிடைக்கும். சந்தை வட்டி ஏறி, சேமிப்புப் பத்திர வட்டியையும் அரசு ஏற்றினால் உங்களுக்கும் ஏறும். ஷார்ட் அடிப்பவர் எதிர்பார்க்கும் அதே ஏற்றம், எதிரே ரிசர்வ் வங்கி இல்லாமல். குறைகளும் உண்டு: ஏழு வருடம் பணம் பூட்டப்படும், சந்தையில் விற்க முடியாது, அடகு வைத்துக் கடன் வாங்க முடியாது, வட்டிக்கு வருமான வரி உண்டு. முன்கூட்டி எடுக்கும் சலுகை 60 வயதானவர்களுக்கு மட்டும், அதுவும் வயதுக்கேற்பச் சில வருடம் காத்திருந்த பிறகு. விண்ணப்பம் கொடுக்கும்போதே நாமினி பெயரையும் எழுதிவிடுங்கள்.